வெயிலும் கார்பன் டை ஆக்சைடும்: நம் கல்லூரி ஆய்வகத்துக்கு எந்தக் கலப்பு ஒளிவினையூக்கி?

எம்.எஸ்சி. வேதியியல் பிள்ளைகள் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டு வரும் காலம் இது. கார்பன் டை ஆக்சைடை வெளிச்சத்தால் எரிபொருளாக மாற்றப் போகிறோம் என்று வருஷா வருஷம் யாராவது வந்து நிற்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் ஆய்விதழ்களைத் திறந்தால் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு), கார்பன் நைட்ரைடு, உலோக-கரிம வலைச்சட்டகம், பெரோவ்ஸ்கைட் என்று கடல்போல் விரிகிறது. மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் இருப்பது என்ன? ஒரு மஃபிள் உலை, ஒரு ஆட்டோகிளேவ், ஒரு யுவி நிறமாலைமானி. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஜிசி, அதாவது வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு குரோமடோகிராபி கருவி. இதை வைத்துக்கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார்பன் நைட்ரைடு பொடிமேல் ருத்தேனியம் சேர்மம், விளைபொருளாக ஃபார்மிக் அமிலம். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

முதலில், ஏன் கலப்பு? கார்பன் டை ஆக்சைடு அசைக்க முடியாத மூலக்கூறு. அதன்மேல் ஒற்றை எலக்ட்ரானை ஏற்ற வேண்டும் என்றால் நடுநிலை நீரில் ஏறக்குறைய மைனஸ் 1.9 வோல்ட் தேவை. இரண்டு எலக்ட்ரானை, கூடவே புரோட்டானையும் சேர்த்துக் கொடுத்தால் ஃபார்மிக் அமிலத்துக்கு மைனஸ் 0.61, கார்பன் மோனாக்சைடுக்கு மைனஸ் 0.53, எட்டு எலக்ட்ரான் கொடுத்து மீத்தேனாக்கினால் மைனஸ் 0.24 வோல்ட் போதும். பக்கத்திலேயே தண்ணீர் மைனஸ் 0.41 வோல்ட்டில் ஹைட்ரஜனாகக் காத்திருக்கிறது. அது வெறும் இரண்டு எலக்ட்ரான் வேலை என்பதால் பெரும்பாலும் அதுதான் முந்திக்கொள்ளும். வெளிச்சத்தை உறிஞ்சி மின்னூட்டங்களைப் பிரிக்க ஒரு குறைக்கடத்தி நன்றாக உதவும். ஆனால் எலக்ட்ரானை ஹைட்ரஜனுக்குக் கொடுக்காமல் கார்பன் டை ஆக்சைடுக்கே கொடுக்கும் நுட்பம் அதன் மேற்பரப்புக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த நுட்பம் உலோகச் சேர்மங்களிடம் இருக்கிறது. 1983-லேயே லேன் குழுவினர் ரேனியம் சேர்மத்தை வைத்து ஒளியால் கார்பன் மோனாக்சைடு எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் கரைசலில் தனியாக மிதக்கும் சேர்மம் சீக்கிரம் சிதைந்துபோகும். இரண்டையும் ஒட்டினால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். கலப்பு ஒளிவினையூக்கி என்பதன் கரு இவ்வளவுதான்.

அப்புறம், பொடியைத் தேர்ந்தெடுக்கும் முன் விளைபொருளைத் தேர்ந்தெடுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் எல்லாரும் மீத்தேனில்தான் கண் வைக்கிறார்கள்.

“சாரே, மீத்தேன்னா அடுப்புல எரிக்கலாமே?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“எரிக்கலாம் மக்களே. எவ்வளவு கிடைக்கும்னு கணக்கு போட்டியா?”

போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் பொடி மணிக்கு 10 மைக்ரோமோல் மீத்தேன் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழில் இதுவே கௌரவமான எண். எட்டு மணி நேர வெயிலில் 80 மைக்ரோமோல், அதாவது 1.28 மில்லிகிராம். ஒரு கிலோ பொடியே வைத்திருந்தாலும், அதே வேகத்தில் ஒரு நாளும் குறையாமல் ஓடினாலும், ஒரு கிலோ மீத்தேன் சேர 780 நாள் ஆகும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் ஆர்வம் குறையாத பிள்ளைக்குத்தான் இந்தத் தலைப்பைக் கொடுப்பேன்.

ஃபார்மிக் அமிலம் வேறு மாதிரி. அது திரவம், கரைசலிலேயே தங்கும், கசிந்து போகாது. எரிபொருள் என்ற வகையிலும் மதிப்பு உண்டு: ஒரு லிட்டரில் 53 கிராம் ஹைட்ரஜனைச் சுமக்கிறது, நேரடியாக ஃபார்மிக் அமில எரிபொருள் கலங்களும் இருக்கின்றன. அதோடு இந்த மண்ணில் அதற்கு ஒரு வேலை ஏற்கெனவே இருக்கிறது. குலசேகரம், அருமனை பக்கம் போனால் ரப்பர் பால் ஊற்றிய தட்டுகளில் ‘ஆசிட்’ கலக்கிறார்களே, உறைய வைக்க, அது இதே ஃபார்மிக் அமிலம்தான். நாம் வாங்குவது மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து மெத்தில் ஃபார்மேட் ஆக்கி, அதை நீரால் பிளந்து தயாரித்த சரக்கு. மூலப்பொருள் எல்லாம் நிலக்கரி, இயற்கை எரிவாயு வழியில் வருபவை. வெயிலிலிருந்து அதை எடுக்க ஒரு வழி தெரிந்தால், ரப்பர் வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் பாடமாக இருக்காது.

சரி, இனி பொடிகள்.

டைட்டானியா எல்லாருக்கும் தெரிந்தது. 1972-ல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் தண்ணீரைப் பிளந்து காட்டிய பொருள். 1979-ல் இனோவே, புஜிஷிமா, கோனிஷி, ஹோண்டா நால்வரும் டைட்டானியா, துத்தநாக ஆக்சைடு, காட்மியம் சல்பைடு போன்ற பொடிகளைத் தண்ணீரில் கலக்கிக் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் எடுத்ததாகச் சொன்னார்கள். இந்தத் துறைக்கே அது தொடக்கம். டைட்டானியாவோடு தாமிரத்தைச் சேர்த்தால் தாமிரம் எலக்ட்ரானைப் பிடித்து கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் பக்கம் தள்ளும். செலவு மிகக் குறைவு.

நம் ஊருக்கு இதில் ஒரு சொந்தம் வேறு இருக்கிறது. மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் அள்ளும் கரிய மணலில் உள்ள இல்மனைட்தான் டைட்டானியத்தின் மூலம். திருவனந்தபுரம் கொச்சுவேளியில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் ஆலை அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியாவைத் தயாரிக்கிறது. அதனால் “நம்ம மணல்ல இருந்தே செய்யலாமே சார்” என்ற யோசனை இயல்பாக வரும். ஆனால் பெயிண்ட்டுக்குச் செய்த பொடி வெண்மைக்காகச் செய்தது. துகள்கள் 200 நானோமீட்டர் அளவில் இருக்கும், மேற்பரப்பு குறைவு. ரூட்டைல் என்ற மற்றொரு படிக வகை பெயிண்ட் பொடிக்கு அலுமினா, சிலிக்கா பூச்சே போடுகிறார்கள், வெயிலில் அது பெயிண்டைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. நமக்கு வேண்டிய குணத்தைத்தான் அவர்கள் பூசி மூடுகிறார்கள். ஒளிவினைக்கு பி25 என்ற பொடியை வாங்குவதே வழக்கம். அதில் துகள் 20 நானோமீட்டரை ஒட்டி இருக்கும், அனடேஸும் ரூட்டைலும் ஏறத்தாழ நாலுக்கு ஒன்று.

டைட்டானியாவின் பெரிய குறை வெளிச்சம். அனடேஸின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா மட்டும்தான் வேலைக்கு ஆகும். சூரிய ஒளியில் அது நூற்றுக்கு நாலைந்துதான். இன்னொரு குறை, அளப்பது. விளைவது வாயு, அதுவும் மிகக் குறைவு. சாதாரண ஜிசியில் உள்ள எஃப்ஐடி என்ற சுடர் உணரி மீத்தேனைப் பார்க்கும், கார்பன் மோனாக்சைடைப் பார்க்காது, அதற்கு முன்னால் கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றும் மெத்தனைசர் ஒன்று வைக்க வேண்டும். இதைவிட மோசமான சிக்கல், பொடியின் மேலேயே ஒட்டியிருக்கும் பழைய கார்பன். 2010-ல் தாமிரம் சேர்த்த டைட்டானியாவைக் கார்பன்-13 (கார்பன் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும் கனமான வகை) வைத்துச் சோதித்தபோது, வந்த கார்பன் மோனாக்சைடில் பொடியிலேயே மிச்சமிருந்த கார்பனுக்குப் பங்கு இருப்பது தெரிந்தது. தயாரிப்பில் கரிமப் பொருள் பயன்படுத்திய எந்தப் பொடியிலும் இந்தப் பயம் உண்டு. அதனால் டைட்டானியாவை நான் ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்துக்கொள்வேன், ப்ராஜெக்டின் நடுவில் வைக்க மாட்டேன்.

பெரோவ்ஸ்கைட்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சீசியம் லெட் புரோமைடு நானோபடிகங்களைக் கிராபீன் ஆக்சைடோடு சேர்த்து 2017-ல் நல்ல முடிவு காட்டினார்கள். வெளிச்சத்தை அருமையாக உறிஞ்சும். ஆனால் தண்ணீர் பட்டால் சிதையும், அதனால் எத்தில் அசிட்டேட்டில் வைத்து ஓட்ட வேண்டும். உள்ளே ஈயம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், ஏசி இல்லாத ஆய்வகத்தில், ஈயக் கழிவுக்கு வழி இல்லாத கல்லூரியில் இது வேண்டாம்.

உலோக-கரிம வலைச்சட்டகங்கள் கொஞ்சம் யோசிக்க வைப்பவை. டைட்டானியம் கணுக்களையும் அமினோ டெரெப்தாலிக் அமிலத்தையும் கோத்துச் செய்யும் மஞ்சள் நிறப் பொடி ஒன்று 2012-ல் கண்ணுறு ஒளியில் ஃபார்மேட் தந்தது. மேற்பரப்பு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், கார்பன் டை ஆக்சைடைத் துளைகளில் இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஆட்டோகிளேவிலேயே 150 டிகிரியில் செய்துவிடலாம். பிறகு என்ன தடை? டிஎம்எஃப், அதாவது டைமெத்தில் ஃபார்மமைடு. இந்தச் சட்டகத்தை டிஎம்எஃப் கரைப்பானில்தான் வளர்க்கிறோம். அது துளைகளுக்குள் புகுந்து கொண்டால் முழுதாக வெளியேற்றுவது பெரும் பாடு. டிஎம்எஃப் நீரால் சிதையும்போது தருவது டைமெத்தில் அமீனும், கவனியுங்கள், ஃபார்மிக் அமிலமும். எதைத் தேடுகிறோமோ அதுவே கரைப்பானிலிருந்தும் வந்தால் முடிவை யார் நம்புவது? அனுபவமுள்ள குழு கார்பன்-13 வைத்து இதைச் சமாளிக்கும். முதல் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைக்கு இது வீண் பாரம்.

இப்போது கார்பன் நைட்ரைடு. 2009-ல் வாங் சின்சென் குழுவினர் இதை ஒளிவினைக்குக் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் பரவியதற்கு முக்கியக் காரணம், செய்வது அவ்வளவு எளிது. கார்பனும் நைட்ரஜனும் மட்டும்தான், உலோகம் இல்லை. ஆற்றல் இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரை நீல ஒளியைப் பிடிக்கும். கடையில் கிடைக்கும் நீல எல்இடி விளக்கே போதும்.

செய்முறையைக் கிட்ட நின்று பார்க்கலாம். மெலமினையோ யூரியாவையோ மூடிபோட்ட க்ரூசிபிளில் வைத்து நிமிடத்துக்கு ஐந்து டிகிரி வீதம் ஏற்றி 550 டிகிரியில் நாலு மணி நேரம் வைக்கிறோம். அம்மோனியா கண்ணைக் கரிக்கும், உலையைப் புகைபோக்கி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும். ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் மெலமின் போட்ட க்ரூசிபிளில் கெட்டியான மஞ்சள் கட்டி இருக்கும், அரைத்தால்தான் பொடியாகும். யூரியா போட்டதில் வெளிர் மஞ்சளில், ஊதினால் பறக்கிற அளவு லேசான பொடி. மேற்பரப்பு அதில்தான் அதிகம், ஆனால் 10 கிராம் யூரியாவுக்கு அரை கிராம் தேறினால் பெரிது. உரக்கடை யூரியாவைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. 2015 முதல் நம் நாட்டு யூரியா கிட்டத்தட்ட எல்லாம் வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெயின் கரி பொடியில் தங்கும். ஆய்வகத் தர யூரியா விலை ஒன்றும் அதிகமில்லை.

தனியாக இந்தப் பொடி கார்பன் டை ஆக்சைடோடு அவ்வளவாக ஒட்டாது. இதன்மேல் எந்தச் சேர்மத்தை வைப்பது என்பதில்தான் இரண்டு வழி பிரிகிறது. கோபால்ட் சேர்மம் வைத்தால் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. கோபால்ட் மலிவு, பூமியில் ருத்தேனியத்தைவிட எவ்வளவோ அதிகம். கொள்கைப்படி எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் விளைபொருள் நச்சு வாயு, நிறமோ மணமோ இல்லாதது, அளக்க மெத்தனைசர் வேண்டும். ருத்தேனியத்தில் இரண்டு கார்போனைல், இரண்டு குளோரைடு, ஒரு பைபிரிடின் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கரிம மூலக்கூறு) உள்ள சேர்மம் வைத்தால் ஃபார்மிக் அமிலம். டோக்கியோவில் மயேடாவும் இஷிதானியும் இந்த வழியைத்தான் படிப்படியாக வளர்த்தார்கள். 2015-ல் ஒரு ருத்தேனியம் அணு ஆயிரம் தடவைக்கு மேல் சுழன்று வேலை செய்ததையும், 400 நானோமீட்டரில் 5.7 விழுக்காடு குவாண்டம் விளைச்சலையும் (விழுந்த ஒளித்துகள்களில் வேலைக்கு ஆன பங்கு) காட்டினார்கள். இந்த வகைப் பொடிகளில் அது பெரிய எண்.

ருத்தேனியம் விலை உயர்ந்தது என்று பயப்பட வேண்டாம். ஒரு கிராம் பொடிக்கு 10 மைக்ரோமோல் போதும், அதாவது ஒரு மில்லிகிராம் உலோகம். ஒரு கிராம் ருத்தேனியம் குளோரைடு வாங்கினால் பல பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்குப் போதுமானது. பைபிரிடினில் பாஸ்போனிக் அமிலக் கை இருந்தால் பொடியோடு பிடித்துக்கொள்ளும். அந்தக் கை இல்லாமல் வெறுமனே ஊறவைத்தால் முதல் கழுவலிலேயே கணிசமாகப் போய்விடும். கழுவிய நீரை யுவியில் பார்த்து எவ்வளவு போனது என்று கணக்கெடுப்பது அருமையான துணைப் பயிற்சி.

இந்தப் பொடியின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த முடிவுகள் எல்லாம் ட்ரைஎத்தனாலமைன் முன்னிலையில் வருபவை. வெளிச்சம் பட்ட பொடியில் எலக்ட்ரான் கிளம்பிப் போன வெற்றிடத்துக்கு எலக்ட்ரான் கொடுத்துத் தான் அழியும் பொருள் அது. குறைந்தது ஒரு மோல் ஃபார்மிக் அமிலத்துக்கு ஒரு மோல் போகும் என்று வைத்தால், 46 கிராம் அமிலத்துக்கு 149 கிராம் அமீனைத் தின்றுவிடுகிறோம். இதை எரிபொருள் உற்பத்தி என்று எழுதக் கூடாது. எலக்ட்ரான் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்கும் பாதிச் சோதனை என்று ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுவேன். மறுபாதி, தண்ணீரே எலக்ட்ரான் கொடுத்து ஆக்சிஜனாவது, மிகக் கடினம். 2020-ல் கேம்பிரிட்ஜில் ரைஸ்னர் குழுவினர் இரண்டு குறைக்கடத்திப் பொடிகளைத் தங்கப் படலத்தின்மேல் பதித்து, கோபால்ட் டெர்பிரிடின் சேர்மத்தை ஒட்டி, தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் மட்டும் வைத்து ஃபார்மேட் எடுத்தார்கள். சூரிய ஆற்றலில் 0.08 விழுக்காடு விளைபொருளில் சேர்ந்தது. நம் ஊர் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 5 யூனிட் என்று கொண்டால், பொடி பதித்த அந்தப் படலம் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் தரக்கூடியது, ஃபார்மிக் அமிலக் கணக்கில், சுமார் 2.5 கிராம். ஒரு ரப்பர் ஷீட்டுக்கு ஊற்றும் ஆசிட் சில மில்லிலிட்டர்தான், அதை ஒட்டி வருகிறது. ஆனால் கிடைப்பது நீர்த்த ஃபார்மேட் உப்புக் கரைசல். அதை அமிலமாக்கி அடர்த்தியாக்கும் செலவு இந்தக் கணக்கில் இல்லை.

உண்மையாகவே எரிபொருள்தான் குறி என்றால் இன்னொரு வழி முன்னால் நிற்கிறது: சோலார் பேனலும் மின்பகுப்புக் கலமும். 2015-ல் க்ரெட்ஸல் குழுவினர் பெரோவ்ஸ்கைட் பேனலோடு தங்க மின்முனையைச் சேர்த்து சூரிய ஆற்றலில் 6.5 விழுக்காட்டைக் கார்பன் மோனாக்சைடில் சேர்த்தார்கள். அதே ஆண்டு டொயோட்டா ஆய்வகத்தில் குறைக்கடத்தியையும் ருத்தேனியம் பாலிமரையும் ஒரே தகட்டில் சேர்த்து அதே கணக்கில் 4.6 விழுக்காடு ஃபார்மேட்டில் சேர்ந்தது. பொடியை விட இவை பல மடங்கு மேல். நாளைக்கே ஒரு ஊருக்கு ஆலை வைக்க வேண்டும் என்றால் நான் பேனல் பக்கம்தான் கை நீட்டுவேன். பொடியின் கவர்ச்சி வேறு: கம்பி வேண்டாம், கலம் வேண்டாம், தொட்டியில் பரப்பி வெயிலில் வைத்தால் போதும் என்ற நிலை ஒருநாள் வந்தால் அதைவிட மலிவு எதுவுமில்லை. ஒரு மாணவர் எலக்ட்ரான் எங்கே போகிறது, எங்கே தொலைகிறது என்று படிக்க இந்தப் பொடிகள்போல நல்ல களமும் இல்லை. அதனால்தான் கல்லூரிக்குப் பொடியைப் பரிந்துரைக்கிறேன்.

அளப்பதைப் பற்றிக் கடைசியாக, கொஞ்சம் கண்டிப்பாக. ஃபார்மிக் அமிலத்தை ஜிசியின் எஃப்ஐடி கிட்டத்தட்ட பார்க்கவே பார்க்காது. அயனி குரோமடோகிராபி அல்லது புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) வேண்டும். என்எம்ஆரில் ஃபார்மேட்டின் புரோட்டான் 8.4 பிபிஎம் பக்கம் தனியாக நிற்கும், சுற்றிலும் கூட்டமே இருக்காது. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள சிஎஸ்ஐஆரின் நிஸ்ட் ஆய்வு நிறுவனம் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற தூரம்தான். முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டு மாதிரிகளைச் சேர்த்து வைத்துக் கொண்டுபோகலாம். கரைப்பானாக டிஎம்எஃப் வேண்டவே வேண்டாம். டைமெத்தில் அசிட்டமைடு சிதைந்தாலும் அசிட்டேட்தான் வரும், ஃபார்மேட் கணக்கைக் கெடுக்காது. ரப்பர் புகைப்புரைப் புகையை நேராகக் குமிழவிட்டால் என்ன என்ற யோசனையும் வந்தது. ஆசை புரிகிறது, ஆனால் விறகுப் புகையிலேயே அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் இருக்கின்றன. சிலிண்டர் வாயுவே வேண்டும்.

முதல் மாதத்தில் பொடிக்கு வெளிச்சமே காட்டாதீர்கள். இருட்டில் ஒன்று, வாயுவுக்குப் பதில் ஆர்கான் விட்டு ஒன்று, பொடி இல்லாமல் ஒன்று, ருத்தேனியம் இல்லாத வெறும் கார்பன் நைட்ரைடு வைத்து ஒன்று என்று வெற்றுச் சோதனைகளுக்கான குப்பிகளைத் தயார்செய்து, இருட்டுக் குப்பியை அளந்து முடித்த பிறகே விளக்கைப் போடுங்கள். கடைசியில், பணம் இருந்தால் ஒரே ஒரு தடவை கார்பன்-13 வாயு வாங்கி ஓட்டுங்கள். ஃபார்மேட் உண்மையிலேயே கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்திருந்தால் 8.4-ல் நின்ற ஒற்றைக் கோடு 195 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிளந்து நிற்கும். பிளக்காமல் ஒற்றையாகவே நின்றால் அது கரைப்பானிலிருந்தோ அமீனிலிருந்தோ வந்தது. அதையும் அப்படியே எழுதிக் கொடுங்கள், முழு மதிப்பெண் போடுகிறேன்.